அறுபதாவது பெயர் வரை விழித்திருங்கள்: என்பிஏ பொது மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர்களுக்கும், திறமையாளரைத் தேடும் ஸ்கவுட்டிங் துறையினருக்கும், ஒப்பந்தக் கணக்கு பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2003 டிராஃப்ட்டில் 51ஆவது ஆளாகக் கைல் கோர்வரை எடுத்தது நியூ ஜெர்சி நெட்ஸ். எடுத்த கையோடு 1,25,000 டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவிடம் விற்றும்விட்டது. அந்தப் பணம் கோடைக்கால லீக் செலவுக்குப் போனது. அலுவலகத்துக்கு ஒரு நகலெடுக்கும் இயந்திரமும் அதிலேயே வாங்கினார்கள். கோர்வர் 17 சீசன் ஆடினார். 2,450 த்ரீ (மூன்று புள்ளி எறிதல்) போட்டார். நான்கு சீசன்களில் லீக்கிலேயே உயர்ந்த த்ரீ விழுக்காடு அவருடையது. 2015இல் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார்.

இந்தக் கதை உங்களில் தெரியாதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். தெரிந்தும் பழக்கம் மாறவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம். 2017இல்கூட சிகாகோ தன் 38ஆவது தேர்வை 35 லட்சம் டாலருக்கு கோல்டன் ஸ்டேட்டிடம் விற்றது. 2013இல் டென்வர் 27ஆவதாக எடுத்த ரூடி கோபேரை, 46ஆவது தேர்வுக்கும் கொஞ்சம் ரொக்கத்துக்கும் யூட்டாவிடம் கொடுத்தது. அவர் நான்கு முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். அதே டென்வர்தான் மறு ஆண்டு 41ஆவது இடத்தில் நிக்கோலா யோகிச்சை எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு உணவகத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, ஓர் அணிக்குக் கண் இருக்கிறது, இன்னோர் அணிக்கு இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடைசித் தேர்வுகளை எடுக்கும் முறையும், எடுத்த பிறகு நடத்தும் முறையும் திருந்த வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். என்பிஏவில் 30 அணிகள். டிராஃப்ட் 1989 முதல் இரண்டே சுற்று. சுற்றுக்கு 30 பேர் வீதம் மொத்தம் 60. அணிகள் விதியை மீறித் தேர்வை இழந்தால் எண்ணிக்கை ஒன்றிரண்டு குறையும். முதல் சுற்றில் வருபவருக்குச் சம்பள அட்டவணை உண்டு, முதல் இரண்டு ஆண்டு உறுதியானது, மூன்றாம் நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம், அதாவது அணி நினைத்தால்தான் தொடரும். இரண்டாம் சுற்றுக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. எல்லாமே பேரம். மதிப்பு கிடைப்பதும் தொலைவதும் அந்தப் பேரத்தில்தான்.

முதலில், இப்போது இது ஏன் முன்பைவிட அவசரம் என்று பார்ப்போம். 2023இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம் அணியின் மொத்தச் சம்பளச் செலவுக்கு இரண்டாம் ஏப்ரன் என்ற கோட்டைப் போட்டது. 2024-25இல் சம்பள வரம்பு 14.06 கோடி டாலர், இரண்டாம் ஏப்ரன் 18.89 கோடி. அந்தக் கோட்டைத் தாண்டிய அணி, சம்பள வரம்புக்கு மேலும் ஆள் சேர்க்க உதவும் மிட்-லெவல் சலுகையைப் பயன்படுத்தி ஆள் எடுக்க முடியாது, பரிமாற்றத்தில் ரொக்கம் அனுப்ப முடியாது. அதாவது பணம் கொடுத்து அடுத்தவரின் இரண்டாம் சுற்றுத் தேர்வை வாங்கும் வழியும் அடைபட்டது. இரண்டு மூன்று நட்சத்திரங்களுக்குப் படியளந்த பிறகு பெஞ்சில் உட்கார ஆள் வேண்டுமென்றால், சொந்தத் தேர்வில் விளைந்தவரை விட்டால் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரும் மூத்தவர்கள்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சின்ன விதி இருக்கிறது. டிராஃப்ட் ஆகாத புதுமுகத்தை ஃப்ரீ ஏஜென்டாக (எந்த அணியோடும் சேரக்கூடியவராக) குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்தால், சம்பளச் செலவு அளவு மீறும் அணி கட்டும் வரிக் கணக்கில் அவர் இரண்டு ஆண்டு அனுபவமுள்ளவரின் தொகையாக ஏறுகிறார். 2024-25இல் அவர் கையில் வாங்குவது ஏறத்தாழ 11.57 லட்சம் டாலர். கணக்கில் ஏறுவது 20.87 லட்சம். நீங்களே டிராஃப்ட் செய்து அதே சம்பளத்துக்கு எடுத்தவர் வாங்குகிற தொகைக்கே ஏறுகிறார். ஒருவருக்கு 9 லட்சத்துச் சொச்சம் வித்தியாசம். வரி கட்டும் அணிக்கு அது பல மடங்காகப் பெருகும். 58ஆவது தேர்வு ‘சும்மா ஒரு பெயர்’ என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி ஆளைப் பார்ப்பது. 45ஆவது இடத்தில் அடுத்த லெப்ரானைத் தேடுவதுதான் முதல் தவறு. நல்ல உயரம், நல்ல குதிப்பு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும், எதுவும் முழுசாக வராது என்ற வகை இளைஞரைப் பார்த்ததும் அறையில் எல்லோருக்கும் ஆசை வந்துவிடுகிறது. அவர் விளைய நான்கு வருடம் வேண்டும். அந்த நான்கு வருடத்தை அவருக்குக் கொடுக்க உங்களிடம் இடமும் இல்லை, பொறுமையும் இருப்பதில்லை. இரண்டாம் சுற்றில் பலன் தந்தவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: டிரேமண்ட் கிரீன் 35, மால்கம் பிராக்டன் 36, ஜேலன் பிரன்சன் 33, ஹெர்ப் ஜோன்ஸ் 35, ஆண்ட்ரூ நெம்ஹார்ட் 31, ஆரன் விக்கின்ஸ் 55, டூமானி கமாரா 52. இவர்கள் எல்லோரும் கல்லூரியில் குறைந்தது மூன்று ஆண்டு ஆடியவர்கள். ஏதோ ஒரு வேலையை முதல் நாளே செய்யத் தெரிந்தவர்கள். பிராக்டன் வர்ஜீனியாவிலிருந்து 23 வயதில் வந்து 2017இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 1966க்குப் பிறகு இரண்டாம் சுற்றிலிருந்து அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். அதற்கு முன் விதிமுறைகளே வேறாக இருந்த காலம்.

வயது குறைந்தவர் வளர்வார் என்பது உண்மைதான். முதல் பத்துத் தேர்வுகளுக்கு அது பெரிய அளவுகோல். கடைசித் தேர்வுக்கோ உங்கள் கையில் அவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுதான் மலிவாக இருப்பார். அந்த ஆண்டுகளுக்குள் ஆடக்கூடியவரா என்பதே கேள்வி. அதோடு கல்லூரிகளிலேயே இப்போது வீரர்கள் சம்பாதிக்கலாம்: 2021 முதல் பெயர், உருவ உரிமை வழியாக, 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகம் நேரடியாகவே பணம் தரலாம். இரண்டாம் சுற்றில் போவேனோ என்று ஐயப்படும் 19 வயதுக்காரர் திரும்பக் கல்லூரிக்கே போகிறார். உங்கள் முன் வந்து நிற்பது 22, 23 வயதுக்காரர்கள்தான். அவர்களைக் குறையாகப் பார்க்காமல், எந்த வேலைக்கு ஆயத்தமாக வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

த்ரீ விழுக்காட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைசித் தேர்வில் நடக்கும் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒரு கல்லூரி வீரர் ஒரு சீசனில் 150 த்ரீ எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான திறன் 36 விழுக்காடு. அப்படியானால் 54 விழ வேண்டும். ஆனால் 150 என்ற சின்ன எண்ணிக்கையில் 48 விழுவதும் 60 விழுவதும் வெறும் தற்செயலின் ஏற்ற இறக்கத்துக்குள் அடக்கம். 48 என்றால் 32 விழுக்காடு, ‘இவருக்குச் சுடவே வராது’ என்று எழுதிவிடுகிறீர்கள். 60 என்றால் 40 விழுக்காடு, ‘சுடுவதில் கெட்டிக்காரர்’ என்று எழுதுகிறீர்கள். ஆள் ஒருவரேதான். ஆறு பந்து வளையத்தில் பட்டு உள்ளே போனதா வெளியே போனதா என்பதில் ஒருவரின் பெயர் 25ஆம் இடத்திலிருந்து 50ஆம் இடத்துக்கு இறங்குகிறது.

இதற்கு மாற்று என்ன? ஒரு சீசனை விட்டுவிட்டு எல்லா ஆண்டுகளின் எறிதல்களையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனை விழுந்தது என்பதோடு எத்தனை எறிந்தார் என்பதையும் பாருங்கள். நிறைய எறிவதற்குப் பயிற்சியாளர் அனுமதித்தார் என்பதே தினசரிப் பயிற்சியைப் பார்த்தவரின் சாட்சி. ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள்: யாரும் மறிக்காமல், ஒரே தூரத்திலிருந்து, கை மட்டும் பேசும் இடம் அது. கல்லூரியில் த்ரீ குறைவாகவும் ஃப்ரீ த்ரோ நன்றாகவும் இருப்பவர் பின்னால் சுடக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். தூரத்தையும் மறக்க வேண்டாம். கல்லூரிக் கோடு 6.75 மீட்டர், என்பிஏவில் மேலே 7.24 மீட்டர், மூலையில் 6.70 மீட்டர். அதாவது கல்லூரியில் போட்டவர் என்பிஏ மூலையில் ஏறக்குறைய அதே தூரத்திலிருந்துதான் எறியப்போகிறார். அவர் மூலையில் நிற்கப்போகிறவரா, பந்தை ஓட்டிவந்து மேலிருந்து எறியப்போகிறவரா என்பதைத் தீர்மானித்த பிறகே விழுக்காட்டுக்குப் பொருள் வரும்.

ஹெர்ப் ஜோன்ஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அலபாமாவில் நான்கு ஆண்டு. 2021இல் தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கின் சிறந்த வீரரும் அவரே, சிறந்த தடுப்பாட்டக்காரரும் அவரே. சுட வராது என்ற ஒரே காரணத்துக்காக 35ஆம் இடம் வரை இறங்கினார். கடைசி ஆண்டில் அவருடைய த்ரீ 35 விழுக்காட்டுக்கும் ஃப்ரீ த்ரோ 70க்கும் மேலே வந்திருந்தது. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் திசை தெளிவு. 2023-24இல் அவர் த்ரீயில் 41.8 விழுக்காடு. அதே ஆண்டு, லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஐவரைக் கொண்ட தடுப்பாட்ட முதல் அணியில் இடம்.

தடுப்பாட்டம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். 2024-25இன் தடுப்பாட்ட அணிகள் இரண்டிலும் சேர்த்துப் பத்துப் பேர். அதில் டிரேமண்ட் 35ஆம் தேர்வு, இவிட்சா சூபாட்ஸ் 32ஆம் தேர்வு, கமாரா 52ஆம் தேர்வு, கோபேர் 27ஆம் தேர்வு, லூ டோர்ட் டிராஃப்ட்டிலேயே எடுக்கப்படாதவர். பத்தில் ஐந்து. பந்து போடும் திறமைக்கு எல்லோரும் முட்டி மோதி விலையேற்றுகிறீர்கள். மறிக்கும் திறமை கடைசி வரை கடையில் கிடக்கிறது.

அதை எப்படிப் பார்ப்பது? சிறப்புத் துணுக்குகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வீரரின் பத்து முழு ஆட்டங்களைப் பாருங்கள். அதில் குறைந்தது மூன்று, அவர் மோசமாக ஆடிய நாளாக இருக்கட்டும். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். அவர் பக்கத்தில் பந்து இல்லாத வேளையில் தலை திரும்புகிறதா? எதிராளி மூலைக்கு நழுவும்போது ஒரு எட்டு முன்னாலேயே நகர்கிறாரா? சுடுபவரை நோக்கி ஓடி, கடைசி இரண்டு எட்டுகளைச் சின்னதாக வைத்து, கையை உயர்த்தி நிற்கிறாரா, பாய்ந்து தாண்டிப் போய்விடுகிறாரா? இப்படி ஐம்பது தடவை எண்ணுங்கள். எத்தனை முறை எதிராளி அவரைக் கடந்து உள்ளே போனார் என்று குறியுங்கள். இரண்டு ஸ்கவுட்கள் தனித்தனியாக எண்ணி, பிறகு தாள்களை ஒப்பிடுங்கள். ஒருவர் 12 என்றும் மற்றவர் 25 என்றும் எழுதியிருந்தால் பிழை வீரரிடம் இல்லை, நீங்கள் எதை எண்ணுவது என்பதிலேயே ஒத்துப்போகவில்லை.

உடல் அளவுகளால் ஏமாறுவது இரு பக்கமும் நடக்கிறது. டிரேமண்ட் களத்தில் பவர் ஃபார்வர்ட் எனும் நான்காம் இடத்துக்குக் குள்ளம், ஸ்மால் ஃபார்வர்ட் எனும் மூன்றாம் இடத்துக்கு மெதுவு என்று ஒதுக்கப்பட்டார். மிச்சிகன் ஸ்டேட்டில் கடைசி ஆண்டு அவர் சராசரியாக 16 புள்ளி, 10க்கு மேல் ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), கிட்டத்தட்ட 4 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவிட்ட பாஸ்). இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் அவருக்கு ஆட்டம் புரிகிறது என்று பொருள். நான்கு கோப்பைகளுக்குப் பிறகு இப்போது அது எளிதாகத் தெரிகிறது. டெஸ்மண்ட் பேன் கை நீளம் குறைவு என்பதற்காக 2020இல் 30ஆம் இடம் வரை வந்தார். மறுபுறம் சத்னம் சிங். பஞ்சாபின் ஒரு கிராமத்திலிருந்து வந்த 7 அடி 2 அங்குல இளைஞர், 2015இல் டல்லஸ் 52ஆவதாக எடுத்தபோது இந்தியாவே நிமிர்ந்து பார்த்தது. கல்லூரியில் ஆடாமல் பயிற்சிக்கூடத்திலிருந்து நேராக வந்த 19 வயதுக்காரர் அவர். டல்லஸின் கிளை அணியில் கொஞ்ச நேரமே களம் கிடைத்தது, என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. என்பிஏ அணியிலும் கிளை அணியிலும் மாறி மாறி ஆடும் டூ-வே ஒப்பந்தம் என்ற ஏற்பாடு வந்ததே 2017இல். உயரத்தைக் கண்டு எடுத்தவர்களிடம் அந்த உயரத்தை ஆட்டமாக மாற்றும் ஏற்பாடு அன்று இல்லை. குறையை அந்தப் பையன் மேல் வைப்பது நியாயமாகாது.

இனி, நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம்: ஒப்பந்தம்.

ஜேலன் பிரன்சன் கதையை வரி வரியாகப் பாருங்கள். வில்லனோவாவில் இரண்டு தேசியப் பட்டம், 2018இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். உயரம் குறைவு, குதிப்பு குறைவு என்று 33ஆம் இடம். டல்லஸ் எடுத்தது நல்ல கண். ஆனால் எழுதிய ஒப்பந்தம் நான்கு ஆண்டு, நான்காம் ஆண்டில் அணியின் விருப்ப உரிமை இல்லை. மூன்று அல்லது அதற்குக் குறைந்த ஆண்டு அனுபவமுள்ளவரைத்தான் ரெஸ்ட்ரிக்டெட் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்க முடியும். அதாவது வேறு அணி விலை சொன்னால் அதே விலைக்கு நிறுத்திக்கொள்ளும் உரிமை அப்போதுதான் உங்களுக்கு. நான்கு ஆண்டு முடித்தவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இடையில் அன்றைய விதிப்படி நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 கோடி டாலர் உச்சத்தில் நீட்டிப்பு தர டல்லஸுக்கு வழி இருந்தது. காலம் கடந்தது. 2022இல் அவர் நியூயார்க்கோடு 10.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். டல்லஸுக்குக் கைம்மாறாக ஒரு தேர்வுகூடக் கிடைக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

டென்வர் யோகிச்சிடம் செய்தது நேர் எதிர். நான்காம் ஆண்டுக்கு 16 லட்சம் டாலர் மட்டுமே கொடுத்து அவரை வைத்துக்கொள்ளும் விருப்ப உரிமை அவர்களிடம் இருந்தது. 2018இல் அதை வேண்டாம் என்று விட்டார்கள். அவர் ரெஸ்ட்ரிக்டெட் ஆனார், உடனே ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 14.8 கோடிக்குக் கையெழுத்து. ஓர் ஆண்டு மலிவுச் சம்பளத்தைத் தியாகம் செய்து ஐந்து ஆண்டு ஆளை வாங்கினார்கள். மூன்று எம்விபி (ஆண்டின் சிறந்த வீரர்) விருதுகளும் 2023 கோப்பையும் அந்த முடிவுக்குப் பிறகு வந்தவை.

ஒக்லஹோமா சிட்டி இதையே வழக்கமாக்கிக்கொண்டது. 2024 கோடையில் விக்கின்ஸ், ஐசையா ஜோ இருவரின் மலிவான விருப்ப ஆண்டையும் விட்டுவிட்டு, விக்கின்ஸுக்கு 5 ஆண்டு 4.7 கோடி, ஜோவுக்கு 4 ஆண்டு 4.8 கோடி என்று முடித்தார்கள். 2025இல் 34ஆம் தேர்வான ஜெய்லின் வில்லியம்ஸ், 38ஆம் தேர்வான அஜய் மிட்செல் இருவருக்கும் அதே வழி. 2025இல் கோப்பை வென்ற அணியில் இவர்களோடு 43ஆம் தேர்வான ஹார்ட்டென்ஸ்டைன், டிராஃப்ட் ஆகாத டோர்ட், கருசோ ஆகியோரும் இருந்தார்கள். இறுதித் தொடரில் எதிரே ஏழாவது ஆட்டம் வரை இழுத்த இண்டியானாவில் 31ஆம் தேர்வான நெம்ஹார்ட் தொடக்க ஐவரில் ஒருவர்.

2023 ஒப்பந்தம் உங்கள் வேலையை எளிதாக்கியிருக்கிறது. முன்பு இரண்டாம் சுற்று வீரருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் எழுத வேண்டுமானால் சம்பள வரம்பில் இடமோ மிட்-லெவலில் ஒரு துண்டோ வேண்டும். இப்போது தனிச் சலுகையே இருக்கிறது. மூன்று ஆண்டு எழுதலாம், மூன்றாவது அணியின் விருப்பம். முதல் ஆண்டுச் சம்பளம் ஓராண்டு அனுபவக்காரரின் குறைந்தபட்சம் வரை. நான்கு ஆண்டு எழுதலாம், நான்காவது அணியின் விருப்பம். முதல் ஆண்டு இரண்டு ஆண்டு அனுபவக்காரரின் குறைந்தபட்சம் வரை. ஜூலை 31 வரை அந்தத் தொகை சம்பள வரம்பில் ஏறாது, எனவே ஜூலையில் மற்ற வேலைகளை முடித்துக்கொள்ளலாம். எங்கள் பரிந்துரை, மூன்றும் ஒன்றும். மூன்றாம் ஆண்டு முடிவில் ஆள் தேறிவிட்டார் என்றால் நான்காம் ஆண்டை விட்டுவிட்டு ரெஸ்ட்ரிக்டெட் ஆக்குங்கள், சம்பள வரம்பைத் தாண்டியும் சொந்த வீரரை நிறுத்திக்கொள்ளும் பர்ட் உரிமை முழுதாக உங்களிடம் இருக்கும். இரண்டும் ஒன்றும் எழுதி, இரண்டாம் ஆண்டிலேயே விருப்பத்தை விட்டால் உங்களிடம் இருப்பது பாதி உரிமைதான், கொடுக்கும் விலைக்கு உச்சவரம்பு வந்துவிடும். கில்பர்ட் அரீனாஸ் 2003இல் கோல்டன் ஸ்டேட்டை விட்டுப் போனது இப்படி ஓர் இடைவெளியில்தான். அவர் பெயரிலேயே பின்னால் விதி வந்தது.

ஒரு எச்சரிக்கை. விருப்ப ஆண்டை விட்டுவிடுவதற்கு முன் நீங்கள் எந்த விலை வரை ஈடுகொடுப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். 38ஆம் தேர்வான சாண்ட்லர் பார்சன்ஸை ஹூஸ்டன் 2014இல் இப்படித்தான் ரெஸ்ட்ரிக்டெட் ஆக்கியது. டல்லஸ் மூன்று ஆண்டுக்கு 4.6 கோடி சொன்னது. ஹூஸ்டன் ஈடுகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மலிவாக வைத்திருக்கக்கூடிய ஆளும் போனார்.

வீரர் பக்கமும் நியாயம் வேண்டும். இரண்டாம் சுற்று வீரருக்கு நீங்கள் உரிமையைத் தக்கவைக்கவே ஓராண்டு ஒப்பந்த அழைப்பு தர வேண்டியிருக்கிறது. அதை அவர் ஏற்றுக்கொண்டால் மறு ஆண்டு உங்கள் திட்டம் எல்லாம் கலையும். 2014இல் 32ஆம் தேர்வான கே.ஜே. மெக்டேனியல்ஸ், ஃபிலடெல்ஃபியா நீட்டிய நான்கு ஆண்டுக் காகிதத்தை ஒதுக்கிவிட்டு ஓராண்டுக்கே கையெழுத்திட்டார். அந்தக் காகிதங்களில் பின் ஆண்டுகளுக்கு உறுதி எதுவும் இருக்காது. உங்களுக்கு விருப்ப ஆண்டு வேண்டுமானால் அவருக்கு முதல் இரண்டு ஆண்டாவது முழு உறுதி கொடுங்கள். 22 வயதுப் பையனின் குடும்பத்துக்கு அந்த உறுதி எவ்வளவு பெரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏஜென்ட்டிடம் இதைத் தேர்வு நாளன்று பேசக் கூடாது. ஒரு வாரம் முன்பே மூன்று கேள்வி கேட்டு, பதிலைப் பெயருக்கு நேரே எழுதிவையுங்கள்: டூ-வே என்றால் வருவாரா? விருப்ப ஆண்டோடு நீண்ட ஒப்பந்தம் என்றால் எத்தனை ஆண்டு உறுதி கேட்பார்? எடுக்கப்படாமல் இருந்து தன் அணியைத் தானே தேர்ந்துகொள்ளவே விரும்புகிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அந்தப் பெயரை அடியுங்கள், வற்புறுத்தி எடுத்தவர் மனசு உங்களிடம் இருக்காது.

டூ-வே பற்றிச் சுருக்கமாக. அணிக்கு மூன்று இடம், என்பிஏவில் அதிகபட்சம் 50 ஆட்டம், சம்பளம் குறைந்தபட்சத்தில் பாதி, முறையான ஒப்பந்தத்துக்கு மாற்றாவிட்டால் பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களில்) ஆட முடியாது. அந்த 50ஐ நவம்பர், டிசம்பரில் காயத்துக்குக் காயம் கரைத்துவிட்டு மார்ச்சில் கையைப் பிசைகிறீர்கள். ஆடாமல் ஆட்டப் பட்டியலில் பெயர் இருந்தாலே ஒன்று கழியும். எந்த மாதம் எத்தனை என்று அக்டோபரிலேயே பிரித்துவையுங்கள். 2023இல் 45ஆம் தேர்வான ஜிஜி ஜாக்சன் மெம்ஃபிஸில் டூ-வேயில் தொடங்கி, அந்த சீசன் முடியுமுன்னே முறையான ஒப்பந்தம் பெற்றார், கடைசி ஆட்டத்தில் 44 புள்ளி எடுத்தார்.

எடுத்தவரை வளர்ப்பதில் நடக்கும் பெரிய பிழை, கிளை அணிகள் ஆடும் ஜி லீக்கில் அவருக்கு வேறு வேலை கொடுப்பது. மேலே மூலையில் நின்று சுட்டு, எதிரணியின் நல்ல விங்கை (பக்கவாட்டில் ஆடுபவரை) மறிக்கப்போகிறவர் கீழே ஆட்டத்துக்கு இருபது முறை எறிகிறார். புள்ளி குவிகிறது, செய்தியில் பெயர் வருகிறது. மேலே வந்ததும் பந்து கைக்கு வராமல் தடுமாறுகிறார். கிளை அணியிலும் அதே இடம், அதே அழைப்புகள், அதே மறிப்பு விதிகள் இருக்கட்டும். அதேசமயம், வழக்கமில்லாத இடத்தில் வைத்துப் பார்க்கவும் தயங்காதீர்கள். 42ஆம் தேர்வான புரூஸ் பிரௌன் ஆறடி நான்கு அங்குலக் கார்டு (பந்தை ஓட்டும் வெளிவட்ட ஆட்டக்காரர்). புரூக்ளின் அவரை, சக வீரருக்காக எதிராளியை மறித்துத் திரை வைத்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் பெரிய ஆள் வேலைக்கு வைத்தது. அங்கே கற்றதோடு போய் 2023இல் டென்வரில் கோப்பை வென்றார்.

வெளிநாட்டில் விட்டுவைப்பதும் ஒரு வழிதான், ஆனால் எங்கே என்பது முக்கியம். 57ஆம் தேர்வான மனு ஜினோபிலியை ஸ்பர்ஸ் 1999இல் எடுத்து 2002 வரை இத்தாலியில் விட்டது. அதற்குள் அவர் போலோன்யாவோடு ஐரோப்பியக் கிளப் போட்டியான யூரோலீக்கை வென்றிருந்தார். யோகிச் ஓராண்டு செர்பியாவில் இருந்து ஏட்ரியாட்டிக் லீக்கின் சிறந்த வீரராக வந்தார். இரண்டு பேரும் தினமும் நிறைய நேரம் களத்தில் நின்றார்கள். பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்காரப்போகிற பையனை அங்கே விட்டுவைத்துப் பயனில்லை.

கடைசியாக, கைவிடும் அவசரம். கிறிஸ் மிடில்டன் 39ஆம் தேர்வு. டெட்ராய்ட் ஒரு சீசனில் 27 ஆட்டம் ஆடவைத்து, 2013இல் வேறொரு பெரிய பரிமாற்றத்தில் கூடுதலாகச் சேர்த்து மில்வாக்கிக்கு அனுப்பியது. மூன்று முறை ஆல்-ஸ்டார், 2021 கோப்பை. சூபாட்ஸை லேக்கர்ஸ் 2019இல், அரை சீசன் உதவிக்காக ஒரு மூத்தவரை வாங்க விட்டுக்கொடுத்தது. ஐசையா ஜோவை 2022 சீசன் தொடங்குமுன் ஃபிலடெல்ஃபியா விடுவித்தது. ஹார்ட்டென்ஸ்டைன் ஹூஸ்டனில் தொடங்கி நான்கு அணி சுற்றி ஒக்லஹோமாவில் 8.7 கோடி டாலருக்கு நின்றார். பெரும்பாலான கடைசித் தேர்வுகள் தேறுவதில்லை, அதை நாங்களும் அறிவோம். ஆனால் இவர்களை விட்டவர்கள், இவர்கள் தேற மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்து விட்டார்களா, அணிப் பட்டியலின் கடைசியான பதினைந்தாவது இடம் அவசரமாகத் தேவைப்பட்டு விட்டார்களா? 1,000 நிமிடம்கூடக் களத்தில் பார்க்காத ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் முன் அந்தக் காகிதத்தில் காரணத்தை ஒரு வரியாவது எழுதிக் கையெழுத்திடுங்கள். இரண்டு வருடம் கழித்து எடுத்துப் படிக்க உதவும்.

2024 முதல் இரண்டாம் சுற்று தனி நாளில் நடக்கிறது. ஒரு தேர்வுக்கு இரண்டு நிமிடம் இருந்தது நான்காகியிருக்கிறது. முதல் இரவுக்கும் மறுநாளுக்கும் இடையே தொலைபேசி ஓயாது, ரொக்கத்தோடு யாராவது வருவார்கள். வரும் டிராஃப்ட்டில் அந்த நான்கு நிமிடத்திலும் உங்கள் ஜி லீக் பயிற்சியாளர் அறையில் உட்கார்ந்திருக்கட்டும். பெயரை அனுப்புவதற்கு முன் அவரிடம், ‘நவம்பரில் இவரை எந்த இடத்தில், எத்தனை நிமிடம் ஆட வைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் எடுங்கள். அவர் தயங்கினால் பட்டியலில் அடுத்த பெயரைப் பாருங்கள், தேர்வை மட்டும் விற்காதீர்கள்.

அன்புடன்,
டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றையும் கடைசிப் பெயர் வரை பார்க்கும் தமிழ்க் கூடைப்பந்து ரசிகர்கள்